விளக்கு ஆடுகிறதா

எங்கள் ஊர் கலாமாவில்
நிலம் நடுங்குவது செய்தி இல்லை.
தேநீரில் வட்டங்கள் எழும்,
தெருவில் நாய்கள் ஒருமுறை குரைக்கும்.
ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமல்
தலையை மட்டும் தூக்கி
கூரையில் தொங்கும் விளக்கைப் பார்ப்பாள் அம்மா.
லேசாக ஆடினால், "சின்னதுதான்."
மறுபடி வெண்ணெய்.

நானும் அப்படித்தான் கற்றேன்.
கை நடுங்கினால் முதலில் விளக்கைப் பார்.
ஆடினால் பூமி.
ஆடாவிட்டால் நான்.

பல்தசாரிடம் மட்டும் ஒருநாள் இதைச் சொன்னேன்,
தூங்கிவிட்டான் என்று நினைத்து.

இந்த மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து
பெரும்பாலும் நான்.
செவ்வாய் இரவுகளில் கூடுதலாக.
புதன்கிழமை அப்பா இறங்கி வருவார்:
ஏழு நாள் மேலே செம்புச் சுரங்கத்தில்,
ஏழு நாள் கீழே எங்களோடு.
வீட்டளவு லாரியைக்
குழியின் விளிம்பில் வளைத்துத் திருப்பத் தெரிந்தவருக்கு
சமையலறையில் அம்மாவைக் கடந்துபோக
இடம் போதவில்லை.
"உன் அம்மாவிடம் கேள், எரிவாயு பில் கட்டியாச்சா."
"உன் அப்பாவிடம் சொல், கேட்க அவருக்கும் வாய் இருக்கிறது."
இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே மூன்றடி.
அந்த மூன்றடிக்கு நான் தபால்காரி.
கெட்டியான சொற்களை வழியில்
கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக் கொடுப்பேன்.
வடித்தெடுத்த கசடு எங்கே போகிறதென்று
யாரும் கேட்டதில்லை.
வயிற்றில்தான். வேறெங்கே.

யோவான்கா விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.
ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.
ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது.
ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை
நான் எழுதியதற்கு இரண்டு நீலக் குறி விழுந்தது.
பதில் விழவில்லை.
திங்களன்று அவள் ஜன்னலோர வரிசையில் இருந்தாள்.
சிரித்தாள்கூட,
பேருந்தில் தெரியாதவருக்கு இடம் விடும்போது சிரிப்போமே, அப்படி.
என்ன செய்தேன் என்று
பழைய செய்திகளை ஜனவரி வரை
தள்ளித் தள்ளிப் படித்தேன்.
கட்டைவிரல் வலித்தது. குற்றம் கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கணக்கில் ஏழுக்கு மூன்று புள்ளி இரண்டு.
பள்ளி ஆலோசகர் செனோரா ஒலிவாரெஸ்
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டார்.
மேசையில் ஒரு பிளாஸ்டிக் கள்ளி.
பாலைவனத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு
ஏன் பிளாஸ்டிக்கில் என்று கேட்க நாக்கு துடித்தது.
"நான்கு" என்றேன்.
நான்குக்கு யாரும் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார்கள்.
எழுதிக்கொண்டார். பேனாவை மூடவில்லை.
"நாளைக்கு எண் மாறினால்
நாளைக்கும் வா, அம்பாரோ."
போகவில்லை.

நேற்று புதன்.
சுவருக்கு அப்பால் குரல்கள் தாழ்ந்தன.
கத்தினால்கூடப் பரவாயில்லை. தாழ்ந்தால்தான்
ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் காது ஓடும்.
முதலில் கை, பிறகு தாடை,
பிறகு மூச்சு
சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குக் கீழே
இறங்க மறுத்தது.
விளக்கின் அடியில் போய் நின்றேன்.
ஆடவில்லை.
ஆடேன், சனியனே, ஒரு விரற்கடை.
ஆடவில்லை.

பல்தசாருக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
எவ்வளவு நேரமாய்க் கதவருகே நின்றானோ,
ஒன்றும் கேட்கவில்லை.
தன்னைவிட உயரமான துடைப்பத்தை இழுத்து வந்தான்,
நாற்காலிமேல் ஏறினான்,
கட்டையின் நுனியால் விளக்குக்கு
ஓங்கி ஓர் இடி.

சுவரெல்லாம் நிழல்கள் ஓடின.
மேசை ஓடியது, நாற்காலி ஓடியது,
பல் இல்லாத என் தம்பி
கூரைவரை வளர்ந்து சுருங்கினான்.
"பார்," என்றான், "பூமிதான்.
நீ இல்லை."

சுவருக்கு அப்பால் குரல்கள் நின்றன.
"நிலநடுக்கமா?" அம்மா கேட்டாள்.
அப்பாவும் அதையே கேட்டார், அதே நொடியில்.
மாதக்கணக்கில் இருவரும் சேர்ந்து சொன்ன ஒரே சொல்.

வாயைத் திறந்தேன்.
இந்த முறை தண்ணீர் விடவில்லை.

"இல்லை," என்றேன்.
"நான்தான்."

விளக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.